கீழக்கரைக்காரரின் இரண்டு கல்லூரிகள்

ஐயா,

ஜெமினி மேம்பாலம் பற்றிய குறிப்பில், அதைக் கட்டிய ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் பி.எஸ்.அப்துர் ரகுமானைக் கல்விக்குக் கொடுத்தவர் என்று பாராட்டியிருந்தீர்கள். கான்ட்ராக்டர்கள் இன்ஜினியரிங் காலேஜ் தொடங்குவது நம்மூரில் அதிசயமா? லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குவது கொடையா? மகன் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்தவன் கேட்கிறேன்.

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயம்தான். 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தபோது வந்தவற்றில் ஒன்று வண்டலூர் கிரசென்ட். இன்று அப்துர் ரகுமான் பெயரிலேயே நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. கட்டடத் தொழிலில் இருப்பவருக்கு இன்ஜினியர்களின் தேவை தெரியாதா? ஃபீஸ் வாங்கி நடத்தும் கல்லூரிதான். அதை மட்டும் வைத்துப் பாராட்டியிருந்தால் நீங்கள் கேட்பது சரி.

நான் நினைத்து எழுதியது கீழக்கரையை. அவருடைய சொந்த ஊர். 1988-ல் அவருடைய சீதக்காதி அறக்கட்டளை அங்கே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியைத் தொடங்கியது.

கீழக்கரை ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் தாண்டிச் சம்பாதித்தவர்கள். முத்து, சங்கு, ரத்தினக்கல். அவரும் இளவயதில் கொழும்புக்குப் போய்க் கல் வியாபாரம் செய்தவர்தான். கட்டுமானம் பிறகு வந்தது. 1973-ல் ஜெமினி பாலம் திறந்த அதே காலத்தில் துபாயில் ஈடிஏ என்ற அவருடைய நிறுவனம். ராமநாதபுரம் பக்கம் மாப்பிள்ளை ஈடிஏ-வில் இருக்கிறார் என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு விசாரிக்காத காலம் ஒன்று இருந்தது.

ஆக, ஆண்பிள்ளைக்கு டிகிரி இல்லாவிட்டாலும் ஒரு வழி இருந்தது. பெண்பிள்ளைக்கு? வாப்பா அக்கரையில் இருக்க, வயசுக்கு வந்த மகளை மதுரை ஹாஸ்டலில் விட எத்தனை உம்மாக்கள் துணிவார்கள்? பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடியும், அடுத்தது நிக்காஹ். கல்லூரி ஊரிலேயே வந்துவிட்டால் தூரம் என்ற ஒரு காரணத்தையாவது சொல்ல முடியாது. கல்யாணத்தை ஒரு மூன்று வருஷம் தள்ளிப்போடவும் வாய் வரும். ராமநாதபுரம் மாவட்டத்தில் பெண்களுக்குக் கலைக் கல்லூரி நடத்தி லாபம் பார்க்கலாம் என்று நினைக்கிற கான்ட்ராக்டர் எஸ்டிமேட் போடத் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டும்.

புகழாசை இல்லையா என்றால், இருக்கட்டுமே. உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி அதே ஊர் வணிகர். ‘செத்தும் கொடுத்தான்’ என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் பெயரில் அறக்கட்டளை வைக்கும்போது, அந்த வரிசையில் நாமும் நிற்கவேண்டும் என்ற ஆசை இல்லாமலா இருக்கும்? பணக்காரர்களுக்கு வரக்கூடிய ஆசைகளில் இது எவ்வளவோ மேல்.

உங்கள் அடமானம் வேறு விஷயம். அனுமதி கொடுத்ததோடு சரி, அரசுப் பொறியியல் கல்லூரிகளை அதே வேகத்தில் பெருக்காமல் விட்டார்களே, அடுத்தடுத்து வந்த ஆட்சியாளர்கள், அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. ஃபீஸ் ரசீதைக் காட்டியே கேளுங்கள்.