பாண்டின் கோட்டில் எது பிரிட்டிஷ்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் பாண்டின் ஆங்கிலேயத்தனம் அவர் கோட்டின் வெட்டில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பாண்டாக நடித்த ஷான் கானரி ஸ்காட்லாந்துக்காரர், லேசன்பி ஆஸ்திரேலியர், பாண்டின் வால்தர் துப்பாக்கி ஜெர்மானியச் சரக்கு. முதல் படத் தயாரிப்பாளர்களில் ஒருவர் அமெரிக்கர், மற்றவர் கனடியர். கோட்டில் மட்டும் என்ன இருக்கிறது? தம்பி கல்யாணத்துக்கு ‘ஸ்கைஃபால்’ கோட்டைக் காட்டித் தைக்கச் சொல்லலாமா?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

நீங்கள் அடுக்கியதெல்லாம் சரி. ஆள் வெளியூர் என்பதால்தான் தையற்காரர் தேவைப்பட்டார். ‘டாக்டர் நோ’ (1962) படத்துக்காக இயக்குநர் டெரன்ஸ் யங், எடின்பரோவில் பால் விநியோகித்த கானரியைத் தன் சொந்தத் தையற்காரரிடமே கூட்டிப்போனார். லண்டன் கான்டிட் தெருவின் ஆந்தனி சின்க்ளேர்.

அந்த வெட்டில் தோளுக்குப் பஞ்சு குறைவு, மார்பில் கொஞ்சம் தளர்வு, இடுப்பில் பிடிப்பு. இரண்டு பொத்தான்களில் மேலதை மட்டும் போட வேண்டும். பேண்டுக்கு பெல்ட் கிடையாது. இடுப்புப் பட்டையின் இருபுறமும் பொத்தான் வைத்த சிறு பட்டிதான் இறுக்கும். முன்பக்க மடிப்புகள் (ப்ளீட்) ஜிப்பை நோக்கி மடியும். லண்டன் சட்டைக்கடை டர்ன்புல் அண்ட் ஆசர் தைத்த சட்டையின் கஃபுக்கு (மணிக்கட்டுப் பட்டை) கஃப்லிங்க் இல்லை. திருப்பி மடித்த கஃபில் இரண்டு பொத்தான்கள். இதைத் தைக்கச் சொன்னால் உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் துணியை மெல்லியதாக வைக்கச் சொல்லுங்கள். கெட்டியாக வைத்தால் கஃப் மடியாமல் விறைத்து நிற்கும்.

எதுவும் கண்ணை உறுத்தாது. மேல்தட்டு ஆங்கிலேயரின் கணக்கு அதுதான்: செலவு தெரியக் கூடாது, மெனக்கெட்டதும் தெரியக் கூடாது. பாண்டைப் படைத்த ஃப்ளெமிங்கின் 1957 நாவலான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’வில் பாண்ட் ஒருவன்மேல் ஐயப்படுவது டையில் போட்ட பருத்த விண்ட்ஸர் முடிச்சைப் பார்த்து, அது தற்பெருமையாம். அது 1963இல் படமானபோதோ அதே ஆள், வெள்ளை ஒயின் குடிக்க வேண்டிய மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான்; அப்போதே புரிந்திருக்க வேண்டும் என்று பாண்ட் பிறகு சொல்கிறார். (கொலைகாரன் என்பதைவிட இது பெரிய குற்றம்போல!) ஆங்கிலேயத்தனம் பிறப்பைவிடப் பழக்கத்தில் இருப்பது என்பதால்தான் ஒரு பால்காரருக்கும் அதைக் கற்றுக்கொடுக்க முடிந்தது.

‘ஸ்கைஃபால்’ (2012) கோட் அமெரிக்கரான டாம் ஃபோர்டுடையது. திரையில் உடம்பு தெரியட்டும் என்று இறுக்கிய கோட் அது. பொத்தான் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழும், நீளமும் குறைவு. தம்பி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே! கானரி படத்தைக் காட்டுங்கள். ட்ரயல் பார்க்கும்போது பொத்தானைப் போட்டுவிட்டு உள்ளங்கையை உள்ளே விடச் சொல்லுங்கள், தடையில்லாமல் போக வேண்டும். கோட் பின்புறத்தை முழுக்க மூடுகிறதா, சட்டைக் காலரைவிட்டுக் கோட்டுக் காலர் எழும்புகிறதா என்றும் பாருங்கள். எழும்பினால் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள்.

டைக்கு ஒற்றைச் சுற்று முடிச்சு.