போமன் மூலை: டேஷ்போர்டுக்குள் உடைந்த பிளாஸ்டிக்கை நாமே செய்யலாமா?

இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஏர்கோன் பெட்டியைச் சுற்றியே இருக்கின்றன. பழைய காடிகளை விடவும் மனசு வரவில்லை, அதற்குச் சாமானும் கிடைப்பதில்லை. சரி, பார்ப்போம்.

கேள்வி: அண்ணே, 90களில் அப்பா வாங்கிய காடி இன்னும் என்னிடம் ஓடுகிறது. கொஞ்ச நாளாக ஏர்கோனில் குளிரே இல்லை. போமன் திரும்பத் திரும்பக் கேஸ் ஏற்றியதில் காசு போனதுதான் மிச்சம். இப்போது வேறொருவர் பார்த்துவிட்டு, சூட்டையும் குளிரையும் பிரிக்கும் காற்றுக் கதவின் தண்டு உள்ளே உடைந்திருக்கிறது என்கிறார். கடையில் கேட்டால் அது தனியாக வராது, முழுப் பெட்டியாகத்தான் வரும், அதுவும் ஸ்டாக் இல்லையாம். மகனிடம் 3டி பிரிண்டர் இருக்கிறது. உடைந்ததை வைத்து அப்படியே அடித்துவிடலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: அடிக்கலாம் தம்பி, அந்த 'அப்படியே' மட்டும் வேண்டாம். இத்தனை வருடம் தாங்கிய சாமான் ஓர் இடத்தில் உடைந்திருக்கிறது என்றால் அந்த இடம்தான் அதன் மெலிந்த இடம். அதையே நகலெடுத்தால் மெலிவும் சேர்ந்து வரும். போதாததற்கு, வீட்டுப் பிரிண்டரில் அடித்த பிளாஸ்டிக் பெரும்பாலும் தொழிற்சாலை அச்சில் வார்த்ததைவிடச் சோனிதான்.

முதலில் நோய் இதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஹீட்டர் உள்ள காடிகளில் இன்ஜினின் சுடுதண்ணீர், 90 டிகிரிக்குப் பக்கத்தில், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. காற்று அதற்குள் புகுந்து வரவேண்டுமா, ஒதுங்கி வரவேண்டுமா என்பது அந்தக் கதவின் வேலை. தண்டு உடைந்து கதவு பாதியில் தொங்கினால், கூலிங் காயிலில் நன்றாகக் குளிர்ந்து வந்த காற்றை ஹீட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும். கேஜில் பார்த்தால் கேஸ் சரியாக இருக்கும், முகத்துக்கு மட்டும் வெதுவெதுவென்று வரும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவருக்குள் இரண்டு ரப்பர் குழாய்கள் நுழைகின்றன அல்லவா, இன்ஜின் ஆறிய பிறகு அதில் ஒன்றை ஹோஸ் கிளாம்ப் போட்டு நெருக்கிவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். குளிர் திரும்பி வந்தால் கதவுதான் குற்றவாளி. வெறும் பிளையரால் நெருக்க வேண்டாம், பழைய குழாய் வெடித்துவிடும்.

இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று சேர்த்து ஹீட்டரையே ஒதுக்கிவிடுவது நம் ஊர்ப் போமன்களுக்குக் கைவந்த வைத்தியம். கோலாலம்பூருக்குள்ளேயே ஓடும் காடிக்கு அது போதும், நான் குறை சொல்ல மாட்டேன். கேமரன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் மட்டும் கஷ்டம். கண்ணாடியில் படியும் ஆவியை ஏர்கோன் எடுத்துவிடும், ஆனால் சூடு சேர்க்க வழியில்லாமல் நடுங்கிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

கதவுதான் என்று தெரிந்துவிட்டதா? உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முறிவின் ஓரம் வெள்ளை வெள்ளையாக இழுபட்டிருந்தால் எங்கோ இறுகிப்போய், பலமாகத் திருகி உடைத்திருக்கிறார்கள். இழுபடாமல் சுத்தமாக, மொடமொடவென்று முறிந்திருந்தால் வயசு. முதலாவது என்றால், புதுத் தண்டு போடுவதற்கு முன் கதவைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒற்றை விரலுக்கு அசைய வேண்டும். அசையாவிட்டால் உள்ளே உரிந்த பஞ்சோ, காய்ந்த இலையோ சிக்கியிருக்கும், அல்லது குமிழிலிருந்து கதவை இழுக்கும் கேபிளின் உறை இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்து ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எதைச் செய்து போட்டாலும் அதுவும் உடையும்.

அடுத்து பிளாஸ்டிக். மகனுடைய பிரிண்டரில் மாட்டியிருப்பது அநேகமாக பிஎல்ஏ. அது 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், சுமை இருந்தால் அதற்கும் முன்னாலேயே மெல்ல வளையத் தொடங்கும். 'நான் ஹீட்டரே போடுவதில்லையே' என்று சொல்லாதீர்கள். நடுப்பகலில் வெட்டவெளியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காடியின் டேஷ்போர்டு மேல்பக்கம் 70 டிகிரியைத் தொடக்கூடியது. ஆபிசுக்குப் போய்விட்டு மாலையில் வந்து பார்த்தால் தண்டோடு சேர்ந்த, கேபிள் மாட்டும் கைப்பிடி தலை குனிந்திருக்கும். பிஇடிஜி 80 வரை தாக்குப்பிடிக்கும், கால் பக்கக் காற்றுக் குழாய் போன்ற அசையாத இடங்களுக்குச் சரி. ஹீட்டருக்குப் பக்கத்தில் அசையும் தண்டுக்கு 100 டிகிரியைத் தாங்கும் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏதான் வேண்டும். ஏபிஎஸ் ஆறும்போது சுருங்கும், 50 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் குறையும், மூடிய பிரிண்டர் இல்லாவிட்டால் ஓரம் கிளம்பிக்கொள்ளும். புகையும் நல்லதல்ல, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையறையில் ஓட்ட வேண்டாம். இதெல்லாம் தலைவலி என்றால், நைலான் 12 தூளை உருக்கி அடித்துத் தரும் பிரிண்டிங் கடைகள் உண்டு, வரைபடத்தை அனுப்பினால் போதும். விலை கூட. ஆனால் ஒரே ஒரு துண்டுதானே, நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

வீட்டிலேயே அடிப்பதாக இருந்தால், தண்டை நிறுத்தி வைத்து அடிக்காதீர்கள், படுக்க வைத்து அடியுங்கள். நிறுத்தி அடித்தால் அடுக்குகள் தண்டுக்குக் குறுக்கே வரும், திருகும்போது விறகு நார்வாக்கில் பிளப்பதுபோல் அடுக்கோடு அடுக்காகக் கழன்றுவிடும். இன்னும் நல்லது, நடுவில் 3 மில்லிமீட்டர் துளை விட்டு ஒரு எஃகுக் கம்பியைச் செருகி ஒட்டிவிடுவது, அதன்பிறகு பிளாஸ்டிக்குக்கு உருவம் காட்டுகிற வேலைதான். தண்டும் கைப்பிடியும் சேரும் உள்மூலையைக் கூராக விடாமல் வளைவாக வரையுங்கள். வெடிப்பு கிளம்புவது அந்தக் கூர் மூலையிலிருந்துதான்.

அளவை உடைந்த துண்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அது சுருங்கியிருக்கும், தேய்ந்திருக்கும். அது போய் உட்காரும் குழியை வெர்னியர் வைத்து அளந்து, பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தட்டையான கைப்பிடி என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஆபிஸ் ஸ்கேனர் கண்ணாடியில் துண்டையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் கட்டையையும் வைத்து ஸ்கேன் செய்து, அந்தப் படத்தின் மேலேயே கோடு போடலாம். தொலைபேசியில் எடுத்த படம் ஓரங்களில் வளைந்து ஏமாற்றும்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. இவ்வளவுக்கும் இறங்குவதற்கு முன் ஹாஃப்கட் கடைகளில், அதாவது பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் கடைகளில், ஒரு சுற்று கேட்டுப் பாருங்கள். 1993-இல் வந்த புரோட்டான் வீரா மிட்சுபிஷி லான்சரை வைத்துச் செய்ததுதான், இப்படி உறவுக்காரக் காடிகள் நம் ஊரில் நிறைய. உங்கள் காடியின் உறவுக்காரன் எது என்று தெரிந்து கேட்டால் சில சமயம் பெட்டியே கிடைத்துவிடும். ஆனால் அதன் பிளாஸ்டிக்குக்கும் அதே வயசுதான், கழற்றும்போதே முறிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: உடைந்த தண்டை சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன், மறுநாளே விட்டுவிட்டது. போலிப் பசையா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: பசை மேல் பழி போடாதீர்கள். துண்டின் பின்பக்கம் இரண்டு கூர் அடைப்புக்குறிகளுக்கு நடுவே சின்னதாகச் சில எழுத்துகள் இருக்கும், எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்வது அதுதான். பிபி என்று தொடங்கினால் பாலிபுரோப்பிலீன், ஏர்கோன் பெட்டிகளும் கதவுகளும் பெரும்பாலும் அதுதான், டால்க் தூள் கலந்திருப்பார்கள். அதில் பசை பிடிக்கவே பிடிக்காது. பிபிக்கென்று விற்கும் பிரைமரை முதலில் தடவ வேண்டும், அல்லது சோல்டரிங் இரும்பால் உருக்கி, நடுவில் மெல்லிய எஃகு வலையைப் பதித்து ஒட்ட வேண்டும். பற்சக்கரங்களில் பிஓஎம் என்றிருக்கும், அதை ஒட்டும் ஆசையையே விட்டுவிடுங்கள். ஏபிஎஸ் என்றால் கவலையில்லை, அசிட்டோனில் அதே பிளாஸ்டிக்கின் துருவலைக் கரைத்துக் கூழாக்கித் தடவினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: காற்று வரும் வழியெல்லாம் கறுப்புத் துகள் பறக்கிறது. மகளுக்கு இருமல். பூஞ்சையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: துகளை விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது காற்றுக் கதவுகளின் மேல் ஒட்டியிருந்த பஞ்சு. காற்று கசியாமல் இருக்க ஒட்டுவார்கள், நம் சூட்டிலும் ஈரத்திலும் அது கூழாகிவிடுகிறது. சில ஐரோப்பியக் காடிகளில் கதவுத் தகட்டிலேயே பெரிய ஓட்டைகள் உண்டு, பஞ்சுதான் அவற்றை மூடியிருக்கும். பஞ்சு போனால் கதவு இருந்தும் இல்லாத கதை. இதற்குப் பிரிண்டர் தேவையில்லை. பழைய பஞ்சைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஓட்டைகளை அலுமினிய டேப்பால் இரண்டு பக்கமும் மூடி, ஓரத்தில் மட்டும் தண்ணீர் குடிக்காத மெல்லிய பஞ்சு ஒட்டினால் போதும். சமையலறை அலுமினியத் தாள் வேண்டாம், காரியத்துக்கு ஆகாது. இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள், அது என் துறை அல்ல.

கேள்வி: ஸ்டார்ட் செய்தவுடன் டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று கொஞ்ச நேரம் சத்தம், அப்புறம் நின்றுவிடுகிறது.
– வாசகர், கெப்போங்

பதில்: காற்றுக் கதவை ஆட்டும் குட்டி மோட்டாரின் பற்சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கும். ஸ்டார்ட் செய்தவுடன் கதவு எதுவரை போகிறது என்று பார்க்க, பல காடிகளில் மோட்டார் இரண்டு ஓரத்துக்கும் ஓட்டிப் பார்க்கும், பல் இல்லாத இடத்தில் வழுக்கும் சத்தம்தான் அது. மோட்டாரின் பெட்டியைத் திறந்து பற்களை எண்ணி, வெளிவட்டத்தை அளந்துகொண்டு கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் ஏறி இறங்கினால் பொருத்தமான பற்சக்கரம் கிடைத்தாலும் கிடைக்கும். இவ்வளவு சின்னப் பல்லை வீட்டுப் பிரிண்டரில் அடிப்பதை நான் சொல்ல மாட்டேன், பல்லின் முனை மழுங்கித்தான் வரும்.

கேள்வி: இதையெல்லாம் நானே கழற்றலாமா, போமனிடம் விடலாமா?
– வாசகர், பாயான் பாரு

பதில்: காற்று வரும் ஜன்னலின் உடைந்த இதழ், கன்ட்ரோல் குமிழ் எல்லாம் தாராளமாக நீங்களே செய்யலாம். பெட்டி வரை போக வேண்டுமென்றால் பயணி பக்க ஏர்பேக் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, பிறகுதான் ஏர்பேக்கின் மஞ்சள் பிளக்குகளின் பக்கம் கை போக வேண்டும். கூலிங் காயிலைக் கழற்ற வேண்டி வந்தால் கேஸை மெஷின் வைத்து எடுத்துச் சேமிக்க வேண்டும், வெளியே திறந்துவிடக் கூடாது. அந்த வேலையை மட்டும் ஏர்கோன் கடையில் கொடுத்துவிடுங்கள்.