கூடைப்பந்தை நம்பி மகளை அனுப்பலாமா?

கேள்வி: கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். மகள் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வயது 14, உயரம் 5 அடி 8 அங்குலம். மூன்று ஆண்டுகளாகக் கூடைப்பந்து ஆடுகிறாள், மாவட்ட அணியில் இடம் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் பள்ளி, கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டு விடுதியும் தருவதாகச் சொல்கிறது. இதையே தொழிலாகக் கொண்டு அவள் வாழ முடியுமா? படிப்பு கெட்டுவிடும் என்று என் கணவர் பயப்படுகிறார். அனுப்பலாமா?

பதில்: சகோதரி, வாழ முடியும். ஆனால் தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்க லீக் ஆட்டங்களை வைத்து அந்த வாழ்க்கையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நம் நாட்டில் யு.பி.ஏ. என்ற லீக் 2015 முதல் 2017 வரை நடந்து நின்றுபோனது. பிறகு வந்த ஐ.என்.பி.எல். 2022-23இல் சென்னை, கொச்சி உட்பட ஆறு நகர அணிகளோடு ஆண்களுக்கான போட்டியை நடத்தியது. பெண்களுக்கு ஆண்டுதோறும் நடந்து சம்பளம் தரும் நிலையான லீக் எதுவும் இல்லை. இந்தியாவில் கூடைப்பந்து வீராங்கனைக்குச் சோறு போடுவது வேலை: ரயில்வே, கேரள மின்வாரியம், காவல்துறை, மத்திய அரசு அலுவலகங்கள். அந்த நிறுவனத்தின் அணிக்கு ஆடுவார்கள், அதன் ஊழியராகச் சம்பளம் வாங்குவார்கள், ஆட்டம் ஓய்ந்த பிறகும் அதே வேலையில் தொடர்வார்கள். உங்கள் மகளைப் போன்ற பெண்ணுக்கு இது லீக் ஒப்பந்தத்தைவிடப் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு முன்மாதிரிகள் தூரத்தில் இல்லை. கோட்டயத்துக்காரரான கீது அன்னா ஜோஸ் வாலிபாலில் தொடங்கி கூடைப்பந்துக்கு மாறியவர். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி வழியாகத் தெற்கு ரயில்வேக்கு வந்தார். 2006 முதல் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார், 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வு முகாமுக்கு அழைத்தன, 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். ஒப்பந்தம் மட்டும் கிடைக்கவில்லை. 6 அடி 2 அங்குல உயரத்தோடு ஆசியாவின் சிறந்த சென்டர்களில் (வளையத்துக்கு அடியில் நின்று ஆடுபவர்) ஒருவராக ஆடியவருக்கே அந்தக் கதவு அவ்வளவுதான் திறந்தது. அந்த லீக்கில் ஓர் அணிக்குச் சுமார் 12 இடம்தான், அதற்கு உலகமே போட்டி போடுகிறது. அவரைத் தாங்கி நின்றது ரயில்வே வேலை. தமிழ்நாட்டில் அனிதா பால்துரை இந்திய அணிக்கு நீண்ட காலம் தலைமை தாங்கியவர், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் தெற்கு ரயில்வேதான். வயநாட்டைச் சேர்ந்த பி.எஸ்.ஜீனா கேரள மின்வாரியத்திலிருந்து இந்திய அணியின் தலைமைக்கு உயர்ந்தார்.

இனி உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு விதிகளை அவர் ஒருமுறை படித்தால், படிப்பையும் ஆட்டத்தையும் எதிரெதிராக வைத்துப் பார்க்க மாட்டார். பத்தாம் வகுப்போடு நின்றால் லெவல் 1 (சம்பளப் படிநிலையில் கடைசிப் படி) வேலைக்குத்தான் விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ முடித்திருந்தால் லெவல் 2, 3. பட்டம் இருந்தால்தான் லெவல் 4, 5. ஏழாவது ஊதியக் குழு அட்டவணைப்படி லெவல் 2இன் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், லெவல் 5இல் 29,200 ரூபாய். படிகள் இதற்கு மேல். மேல் லெவலுக்குச் சர்வதேச அளவில் ஆடிய சாதனை வேண்டும். அப்படி நாட்டுக்காக ஆடிவிட்டு, பட்டம் இல்லாத ஒரே காரணத்தால் கீழே உட்கார நேர்ந்தால் அது எவ்வளவு பெரிய இழப்பு! மதிப்பெண் கணக்கிலும் படிப்புக்கு 10, சாதனைக்கு 50, களத்தில் நடக்கும் சோதனைக்கு 40. அந்த 40இல் 25 எடுக்காதவர் தகுதியே பெறுவதில்லை.

பல பெற்றோருக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று இதே விதிகளில் இருக்கிறது. வயது 18 முதல் 25 வரை, அதற்கு மேல் தளர்வு கிடையாது. கணக்கில் எடுக்கப்படும் சாதனை, அறிவிப்பு வரும் நிதியாண்டிலோ அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலோ பெற்றதாக இருக்க வேண்டும். அதாவது 15 வயதில் வாங்கிய பதக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்துவிட்டு 21 வயதில் விண்ணப்பித்தால் அது வீட்டுச் சுவருக்கு மட்டும்தான் அழகு. லெவல் 2, 3க்கு, மாநில அணியில் ஆடி சீனியர், யூத், ஜூனியர் தேசியப் போட்டிகளில் குறைந்தது எட்டாவது இடம், அல்லது அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் குறைந்தது மூன்றாவது இடம் என்பது போன்ற சாதனை தேவை. ஆகவே உங்கள் மகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கப்போகும் ஆண்டுகள் 17 முதல் 22 வரை. இப்போது மாவட்ட அணியில் இடம் கிடைத்தது நல்ல அறிகுறி, அவ்வளவே. 14 வயதில் அவளைச் சக்கையாகப் பிழிந்து, முழங்காலை உடைத்து, கோப்பை வாங்கித் தரச் சொல்லும் எந்த இடத்திலிருந்தும் விலகி இருங்கள். அந்தக் கோப்பை பள்ளிக்குப் பயன்படும், அவளுக்குப் பயன்படாது.

கோயம்புத்தூரா, கேரளமா என்ற கேள்விக்கு எல்லையோரத்தில் இருக்கும் நீங்கள் மற்றவர்களைவிடக் கவனமாகப் பதில் தேட வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட முடியும். வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சேர்த்த நாளிலிருந்து அவள் தமிழ்நாட்டு வீராங்கனை. கூடைப்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளுக்கு மாநிலச் சங்கத்தின் வழியாகப் பதிவு செய்கிறார்கள். ஒரு மாநிலத்துக்கு ஆடியபின் வேறு மாநிலத்துக்குப் போகத் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதைக் கொடுக்க மனமில்லாத சங்கங்களால் ஒரு முழுப் பருவம் வீணாகும். கேரள அரசு ஆண்டுக்கு 50 விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுக்கும் ஒதுக்கீடு வைத்திருக்கிறது. மின்வாரியமும் காவல்துறையும் தனியாக ஆள் எடுக்கின்றன. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் விளையாட்டுக்குக் கருணை மதிப்பெண் உண்டு. வீடும் சான்றிதழ்களும் கேரளத்தில் இருக்கும்போது இவற்றை எளிதில் விட்டுவிடக் கூடாது.

அதைவிடப் பெரிய காரணம், பெண்கள் கூடைப்பந்தில் கேரளத்தின் பலம். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில் கேரளப் பெண்கள் அணி ரயில்வேயையே வீழ்த்திப் பட்டம் வென்றது. இங்கே நல்ல அணிக்குள் நுழைவது கடினம் என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் தன்னைவிடச் சிறந்தவர்களுக்கு எதிராக ஆடும் வாய்ப்புக்கு எந்த இலவச விடுதியும் ஈடாகாது.

நான் சொல்வது இதுதான். பத்தாம் வகுப்பை இருக்கும் பள்ளியிலேயே முடிக்கட்டும். கேரள மாநில விளையாட்டுக் கவுன்சில் தன் விடுதிகளுக்கு ஆண்டுதோறும் நடத்தும் தேர்வில் பிளஸ் ஒன் சேர்க்கைக்குக் கலந்துகொள்ளட்டும். மலையாளம் பேசும் விடுதியில் தமிழ்ப் பிள்ளை தனித்துப்போவாளோ என்று தயங்க வேண்டாம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் காதில் விழுந்தே வளர்ந்தவை. கோயம்புத்தூரை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. அங்கே நடக்கும் சி.ஆர்.ஐ. கோப்பைப் பெண்கள் போட்டிக்கு ரயில்வே, கேரள மின்வாரியம் போன்ற அணிகள் வருகின்றன. அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், உங்கள் கணவரும் வரட்டும். சம்பளம் வாங்கி ஆடும் பெண்களை அவர் நேரில் பார்ப்பது என் கட்டுரையைவிட நன்றாகப் பேசும். கல்லூரிக்கு வரும்போது கணக்கு மாறும்: அப்போது பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வரக்கூடிய அணி எங்கே இருக்கிறதோ, அது சங்கனாச்சேரியோ சென்னையோ, அங்கே போகட்டும்.

இனி ஆட்டம். 14 வயதில் 5 அடி 8 அங்குலம் என்றால் பள்ளியில் அவளை வளையத்துக்கு அடியில் நிறுத்தியிருப்பார்கள். ரீபவுண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றிருப்பார்கள். பெண் குழந்தைகளின் வளர்ச்சி பூப்படைந்த பிறகு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் மெதுவாகி நின்றுவிடுகிறது. அவள் 5 அடி 9 அங்குலத்தில் நின்றால், சீனியர் அணியில் அந்த உயரத்துக்குச் சென்டர் இடம் கிடைக்காது. வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவரும் கார்டு அல்லது ஓரத்திலிருந்து ஆடும் ஃபார்வர்டு இடம்தான். உயரத்தை மட்டும் நம்பி வளர்ந்த பெண்கள் 18 வயதில் திகைத்து நிற்பது இதனால்தான். இன்றிலிருந்தே இரு கைகளாலும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும், இடது கையில் லே-அப் (ஓடிவந்து வளையத்துக்கு அருகில் குதித்துப் பந்தைப் போடுவது) போடவும், தூரத்திலிருந்து எறியவும் பயிற்சி தரச் சொல்லுங்கள். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. அவ்வளவு தூரம் இப்போதே வேண்டாம். 4 மீட்டரில் சரியான கை அசைவு அமையட்டும், தூரம் பலத்தோடு தானாக வரும். இன்னொன்று, நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஆண்களுக்கான 7ஆம் எண் பந்துதான் கிடக்கும். பெண்கள் ஆடுவது 6ஆம் எண் பந்து. அது சுமார் 70 கிராம் எடை குறைந்தது, சுற்றளவும் சிறியது. பெரிய பந்தில் எறிந்து பழகினால் தோளிலிருந்து தள்ளும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. சொந்தமாக ஒரு 6ஆம் எண் பந்து வாங்கிக் கொடுங்கள். காலணிக்கு அடுத்தபடி நீங்கள் செய்யக்கூடிய நல்ல செலவு அது.

முழங்காலைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். குதித்து இறங்கும்போதும் திடீரென்று திரும்பும்போதும் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது இந்த ஆட்டத்தின் கொடிய காயம். அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும். இளம் பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட அதிகம். இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடங்காமல் இருக்க, ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் கால் மணி நேரம் சமநிலை, குதித்து இறங்குதல், தொடைப் பின்தசை வலுப்படுத்தல் ஆகியவற்றைச் செய்தால் ஆபத்து கணிசமாகக் குறைவது நிரூபணமான விஷயம். நம் களங்கள் பெரும்பாலும் சிமென்ட் தரை என்பதால் இது இரட்டிப்பு அவசியம். முழங்கால் குமிழுக்குக் கீழே எலும்பு வீங்கி வலித்தால் அது வளரும் பருவத்தில் வரும் பிரச்சினை. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு மறுநாள் ஆட அனுப்பாதீர்கள், ஓய்வு கொடுங்கள். மாதவிடாய் தொடங்கிய பெண் தினமும் ஓடுகிறாள் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். களைத்துப்போவதைச் சோம்பல் என்று திட்டி, இரத்தச்சோகையைக் கவனிக்காமல் விடும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். முட்டையும் நிலக்கடலையும் ராகியும் கீரையும் போதும், டப்பா மாவுகள் தேவையில்லை.

வெளிநாட்டுக் கல்லூரி உதவித்தொகை பற்றியும் சிலர் உங்களிடம் பேசக்கூடும். சஞ்சனா ரமேஷ், ஹர்சிம்ரன் கவுர் போன்ற பெண்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளுக்குப் போயிருக்கிறார்கள், அந்த வழி கற்பனையல்ல. அதற்கும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 16 முக்கியப் பாடங்களின் மதிப்பெண் பார்க்கப்படும், ஆங்கிலமும் வேண்டும். முன்பணம் கேட்கும் இடைத்தரகரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த மாதமே முடிக்க வேண்டியது காகித வேலை. நம் எல்லைப் பகுதியில் பிள்ளைகளின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரியும், ஆதாரில் வீட்டுப் பெயரோடு வேறு மாதிரியும், பிறப்புச் சான்றிதழில் முன்னெழுத்து இல்லாமல் இன்னொரு மாதிரியும் இருக்கும். தேசியப் போட்டிக்குப் போன இடத்தில் வயதுச் சரிபார்ப்பில் இது மாட்டிக்கொண்டால் அணி உள்ளே போகும், அவள் வெளியே நிற்பாள். மூன்றையும் ஒரே எழுத்தில், ஒரே தேதியில் கொண்டுவாருங்கள். ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழிலும் தேதி, பிரிவு, அணி பெற்ற இடம் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். இடம் எழுதாத சான்றிதழை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஏற்க மாட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கோயம்புத்தூர்ப் பள்ளிதான் என்று முடிவு செய்தால், சேர்ப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாமல் போனாலும் பிளஸ் டூ வரை கட்டணமில்லாப் படிப்பு தொடருமா, விலக நினைத்தால் மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றித் தருவார்களா, விடுதியில் பெண் காப்பாளரும் பெண் பயிற்சியாளரும் இருக்கிறார்களா. வாயால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுதித் தர மறுக்கும் பள்ளி என்றால், அன்று மாலை பஸ்ஸிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.