மலையில் வீட்டை ஒட்டாமல் தனியாக ஒரு ஒர்க்‌ஷாப் ஷெட் கட்ட ஒன்றரை லட்சம் போதுமா?

ஏறக்குறைய போதும். ஆனால் அதில் முதல் முப்பதாயிரத்தைக் கண்ணுக்கே தெரியாத வேலைக்குக் கொடுக்க மனசு வர வேண்டும். கோத்தகிரிப் பக்கம் சரிவு நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி மட்டமாக்கித்தான் போடப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நானும் 2018-ல் அதையேதான் செய்தேன். 10க்கு 16 அடி. பின்னால் ஆறடி உயரத்துக்கு வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் தள்ளி நிரப்பி, இடம் வீணாகக் கூடாது என்று வெட்டிய சரிவை ஒட்டியே ஹாலோ பிளாக் சுவரை எழுப்பி, மேலே தகரம் போட்டேன். எண்பதாயிரத்தில் முடிந்துவிட்டது, ஹட்டியில், அதாவது எங்கள் ஊரில், எல்லோரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். 2019 நவம்பரில் நாள் கணக்கில் விடாத மழை. ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்குச் சத்தம் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினால் பின்சுவர் நடுவில் பிதுங்கி மூன்று வரிக் கல் உள்ளே விழுந்து கிடக்கிறது. டிரில்லிங் மெஷின், வைஸ், அப்பா தேயிலை பேக்டரியில் ஃபிட்டராக இருந்தபோது வாங்கிய ஸ்பேனர் செட், எல்லாம் சேற்றுக்குள். முன்பக்கம் நிரப்பிய மண் இறங்கித் தரை இரண்டாகப் பிளந்திருந்தது. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த நீலகிரி மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்ததை அறிந்தவன் நான். அப்படி இருந்தும், ஷெட்தானே என்று நினைத்துவிட்டேன். அந்த ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்த நாட்களை இன்னும் மறக்க முடியவில்லை.

நம்ம ஊர் மண் காய்ந்திருக்கும்போது கத்தியால் வெட்டியதுபோல நேராக நிற்கும், அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். தண்ணீர் இறங்கினால் எடை கூடும், பிடிப்பு விட்டுப்போகும். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வழி இல்லையென்றால் அது சுவரைத்தான் தள்ளும்.

2021-ல் மறுபடி கட்டியபோது சரிவுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி விட்டேன். சரிவின் தலையில் ஒரு வாய்க்கால் வெட்டி மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பினேன். வெட்டிய இடத்துக்குச் சிமெண்ட் பூசாமல் கருங்கல் அடுக்கு, அதன் பின்னால் ஜல்லி. நிரப்பிய மண்ணில் சுவர் எதுவும் நிற்கவில்லை, அஸ்திவாரம் முழுக்கக் கெட்டி மண்ணில்தான். அதனால் அளவு 10க்கு 14 ஆகக் குறைந்தது, பரவாயில்லை. அந்தக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 650 லிட்டர் தண்ணீர், அதையும் பைப் வைத்து டிரம்முக்குக் கொண்டுபோய், மிச்சத்தைத் தள்ளி விடுகிறேன்.

செலவு: கல்லும் வாய்க்காலும் 34 ஆயிரம், பிளாக், சிமெண்ட், மணல், தரை 52, பைப்பும் தகரமும் 41, கதவும் வயரிங்கும் 21, ரோட்டிலிருந்து தலைச்சுமையாக இறக்கிய கூலி 14. மொத்தம் ஒரு லட்சத்து 62 ஆயிரம். என் உழைப்பையும், காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரத்தில் நானே செய்த மேஜையையும் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது விலை கூடியிருக்கும், அதற்குத் தகுந்தாற்போலப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாலோ பிளாக்கே கூடாது, சாலிட் பிளாக்தான் என்று சிலர் கீழே எழுதுவார்கள். முடிந்தால் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் சுவர் பிளாக்கால் விழவில்லை, தண்ணீரால் விழுந்தது. அனுமதி இல்லாமல் கட்டச் சொல்கிறேன் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷெட்டாக இருந்தாலும் முதலில் பஞ்சாயத்தில் கேளுங்கள், மண் வெட்ட மெஷின் கொண்டுவருவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி. நான் ஆள் வைத்துக் கடப்பாரையில்தான் வெட்டினேன்.

சரி, எதற்கு இவ்வளவு பாடுபட்டு ஒரு ஷெட் என்று என் மச்சானே கேட்டார். ஒன்றேகால் ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை போனால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள். கடையில் தூள் விற்கும் விலையைப் பாருங்கள், எங்களுக்குக் கிலோவுக்கு வரும் விலையைக் கேட்டுப் பாருங்கள். 2023-ல் இலைக்கு நல்ல விலை கேட்டுச் சிறு தேயிலை விவசாயிகள் இங்கே உண்ணாவிரதமே இருந்தார்கள். உரம், கூலி, மருந்து எல்லாம் ஏறுகிறது, இலை விலை மட்டும் எங்கள் கையில் இல்லை. அதனால்தான் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து மெஷினும் மருந்தடிக்கும் பம்பும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தேன். இன்று வீட்டுச் செலவில் பாதி அந்த ஷெட்டிலிருந்து வருகிறது.

அப்புறம், தகரத்தின் அடியில் பனிக்காலத்தில் விடிய விடியத் தண்ணீர் கோத்துச் சொட்டும், சாமானெல்லாம் துருப்பிடிக்கும். தகரம் போடும்போதே அடியில் ஃபாயில் ஷீட் இழுத்துக் கட்டிவிடுங்கள், பிறகு போடுவது பெரிய வேலை. தரைக் கான்கிரீட்டுக்குக் கீழே தடித்த பிளாஸ்டிக் தாள் விரிக்கவும். கதவு இரும்பாகவே இருக்கட்டும், எண்ணெய் வாசனைக்குக் கரடி வருகிற இடம் இது. கரண்டை வீட்டிலிருந்தே இழுத்தாலும் ஷெட்டுக்கென்று எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் இஎல்சிபி சுவிட்சும் கட்டாயம் வையுங்கள், ஈரத் தரையில் நின்று கிரைண்டர் பிடிக்கப் போகிறீர்கள்.

உங்கள் இடத்தில் மேல்பக்கச் சரிவு எத்தனை அடி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று எழுதுங்கள். பக்கத்தில் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்.