மூட்டத்துக்குள்ளயும் வெளிச்சம் இருக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜூன் பொறந்தா எங்க பக்கம் மலையே தெரியாது, மூட்டந்தான். போன்ல எடுத்தா படம் எல்லாம் அழுக்குத் துணி மாதிரி சாம்பலா வருது. வெயில் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா அண்ணா?
– வாசகி, பொகவந்தலாவை

காத்திருக்காதீங்க தங்கச்சி. தென்மேற்குப் பருவமழை மே மாசம் தொடங்கிட்டா செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இப்படித்தான், அதே காத்து மழையை எல்லாம் உங்க பக்கத்துச் சரிவுல கொட்டிட்டு மலையைத் தாண்டி இறங்குறதால அந்த மாசங்கள்ல ஊவாவுல வெலிமடை, பண்டாரவளை எல்லாம் காஞ்சு கிடக்கும். அங்க உள்ளவங்க எடுக்கிற நீல வானத்தைப் பாத்து நீங்க ஏங்க வேணாம், உங்ககிட்ட இருக்கிறது வேற வெளிச்சம், என்னைக் கேட்டா அதுதான் பெறுமதி கூட.

படம் சாம்பலா வர்றதுக்குக் காரணம் கமராவோட கணக்கு. அது எதைப் பாத்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கத்தான் பாக்கும், அதனால வெள்ளை மூட்டத்தையும் இருட்டாக்கிடும். போன் திரையில விரலை வச்சு அமத்திப் பிடிங்க, பக்கத்துல வர்ற சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் மேல தள்ளுங்க, கமரான்னா எக்ஸ்போஷரை பிளஸ் 1 பக்கம் கூட்டுங்க. அப்புறம் கிட்டத்துல கறுப்பா ஒண்ணு வேணும். தேயிலைக்கு நடுவுல நிக்கிற சவுக்கு மரம் (சில்வர் ஓக்) போதும், அதுக்குப் பின்னால உள்ள மரம் கொஞ்சம் வெளிறி, அதுக்கும் பின்னால உள்ளது இன்னும் வெளிறி, அப்படியே கரைஞ்சு போறதுல தூரம் தானா வந்துடும்.

இன்னொண்ணு, மூட்டம் இறங்கின காலையில ஒரு கொழுந்தைக் கிட்டப் போய்ப் பாருங்க. விரியாத மொட்டு மேல மெல்லிசா வெள்ளை மயிர் இருக்கும், அதுல தண்ணி பொடிப்பொடியா நிக்கும். நிழல் விழாத அந்த வெளிச்சத்துல அதை எடுக்கிற மாதிரி நல்ல வெயில்ல எடுக்கவே முடியாது.

தேயிலைப் பச்சை படத்துல வரவே மாட்டேங்குது, இலை எல்லாம் வெள்ளையா மினுங்குது.
– வாசகர், ஹப்புத்தளை

இலை மேல வானம் பட்டுத் தெறிக்குது, அதான். போலரைசர் ஃபில்டர் போட்டு மெதுவாத் திருப்பினா அந்த மினுக்கம் அடங்கி உள்ள இருக்கிற பச்சை வெளிய வரும். போன்ல எடுக்கிறீங்கன்னா போலரைஸ்ட் கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால பிடிச்சுத் திருப்பிப் பாருங்க. நேரமும் முக்கியம், நம்ம நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறதால சூரியன் சாயாம நேரா மேல ஏறும், உதிச்சு ஒரு மணித்தியாலத்துல கிட்டத்தட்ட 15 பாகை வந்துடும். தங்க வெளிச்சம் கொஞ்ச நேரந்தான், அதனால இடத்தை முதல் நாளே பாத்து வச்சுக்கோங்க.

சிவனொளிபாதமலை நிழல் முக்கோணமா விழுமாமே, எப்படி எடுக்கிறது?
– வாசகர், மஸ்கெலியா

உச்சியில சூரியன் வரும்போது எல்லாரும் கிழக்கைப் பாப்பாங்க, நீங்க மேற்கே திரும்புங்க. மலை 2,243 மீட்டர், அதோட நிழல் கீழ உள்ள மூட்டத்து மேலயும் மெல்லிசான பனிப்புகார் மேலயும் ரொம்பத் தூரத்துக்கு விழும். மலை கூம்பா இருக்கிறதாலதான் முக்கோணம்னு நினைக்கிறாங்க, அப்படி இல்லை, எந்த மலை உச்சியில நின்னு அதோட நிழலைப் பாத்தாலும் தூரம் போகப்போக ஒடுங்கி முக்கோணமாத்தான் தெரியும். சூரியன் ஏற ஏற நிழல் குறுகிக்கிட்டே வரும், அதனால முதல் நிமிஷங்கள்ல எடுங்க. சீசன் டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) இருந்து மே மாச வெசாக் பௌர்ணமி வரைக்கும். படியில ஏறும்போது வேர்த்திருக்கும், மேல குளிர் கடுமை, ஜெர்சியை மறக்காதீங்க.

நுவரெலியாவுல உறைபனியை எடுக்க ஆசை. எப்ப வரணும்? குளிருக்கு கமரா கெட்டுப்போகுமா?
– வாசகி, கொழும்பு

ஜனவரி, பெப்ரவரியில, மேகமும் காத்தும் இல்லாத ராத்திரிக்கு அடுத்த விடியல். குளிர்ந்த காத்து பள்ளத்துல போய்த் தங்கும்ங்கிறதால மேட்டுல தேடாதீங்க, ஓடைக்கரைப் புல்லுல, பள்ளத்துத் தேயிலையில பாருங்க, வெயில் பட்டா உருகிடும். ஆனா ஒண்ணு, வெள்ளை வெள்ளையா அழகா இருக்கிற அந்தப் பனி பட்ட கொழுந்து கருகிப் பழுப்பாகும், பறிக்கக் கொழுந்து இல்லாமப் போனா அந்த மலையில வேலை செய்யிறவங்களுக்குத்தான் அடி. முடிஞ்சா ஓரிரு நாள் தங்கி அதையும் எடுங்க, ரெண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சாத்தான் இங்கத்தப் பனி என்னன்னு புரியும்.

கமரா குளிர்ல கெடாது, பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும், ஸ்பெயார் ஒண்ணை உள்சட்டைப் பையில வச்சுக்கோங்க. வெளியில இருந்து சூடான அறைக்குள்ள வந்த உடனே கமராவை எடுக்காதீங்க, லென்ஸ்ல ஆவி பிடிக்கும். வெளியிலயே பொலித்தீன் பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டி, உள்ள வந்து அறையோட சூட்டுக்கு வந்த பிறகு பிரிங்க. கொழும்புக்குப் போனதும் ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட மூடி வைங்க, ஈரத்தோட பையிலயே விட்டா லென்ஸ்ல பூஞ்சணம் வந்துடும்.