அம்மனுக்கு எனாமல் போதாதா?

கேள்வி: எங்கள் தெரு அம்மன் கோயில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரைக் கட்டு. கும்பாபிஷேகத்துக்குச் சுவரில் படம் எழுத ஓர் ஓவியரைக் கூப்பிட்டோம். 48 நாள் விரதம் இருப்பாராம். பழைய காரையைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமாம். காவியும் கரியும்தான் வண்ணமாம். மாசக்கணக்கில் இழுக்கும். இன்னொருவர் எனாமல் பெயிண்டில் ஒரே வாரத்தில், பாதிக் கூலிக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். கண்ணப்பர் கறியையே படைத்தார். பக்தி இருந்தால் எந்தப் பெயிண்டானால் என்ன?
- பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: கண்ணப்பரை ஏன் ஐயா இழுக்கிறீர்கள்? அவர் கறியை வாயில் போட்டு ருசி பார்த்து, நல்ல துண்டைத்தான் சாமிக்கு வைத்தார். நாலு கடையில் விலை விசாரித்து மலிவானதை வாங்கி வைக்கவில்லை.

விரதம் அந்த ஓவியருக்கும் அம்மனுக்கும் உள்ள பேச்சு. அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்; கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

அவர் கேட்கும் அவகாசம் சுண்ணாம்புக்கு. நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, சலித்த மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் குழைப்பது பழைய வழக்கம். (கருப்பட்டிச் சீமையில் இருந்துகொண்டு அதற்கும் கணக்குப் பார்ப்பீர்களோ?) பூசி, கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெள்ள வாங்கித்தான் அது கல்லாக இறுகும். மந்திரம் சொன்னாலும் அவசரப்படாது. அதன் காரம் பல செடிச் சாயங்களை வெளுக்க வைத்துவிடும். செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி எல்லாம் தாக்குப்பிடிக்கும். காவியும் கரியும் கேட்பவரைப் பழமைப் பித்தர் என்று நினைக்காதீர்கள், அவருக்குச் சுவரைத் தெரிந்திருக்கிறது.

எனாமல்காரருக்குத் தெரியவில்லை. காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே எனாமலைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, படம் கொப்புளித்துக் காரையோடு பெயரும். ஐப்பசி அடைமழையில் அம்மன் முகத்திலேயே அதைப் பார்க்கலாம்.

உங்கள் ஊரிலிருந்து திருப்புடைமருதூர் பக்கம்தானே? நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் 5 நிலைகளிலும் உட்சுவர் முழுக்க ஓவியம். குறுகலான மரப்படி ஏறிப் போகவேண்டும். உள்ளே வெளிச்சமும் குறைவு. கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சிகூட இருக்கிறது. கும்பிட வருகிறவர் கோபுரத்துக்குக் கீழே நுழைந்து நேரே சந்நிதிக்குப் போய்விடுவார். தலைக்கு மேல் இவ்வளவு இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. மேல்நிலைக்கு யார் ஏறி வரப்போகிறார்கள் என்று அந்த ஓவியர்கள் கையைக் குறைத்துக்கொள்ளவில்லை. அங்கும் துணிக்குப் பூவேலை உண்டு, நகைக்கு மணி மணியாகப் புள்ளி உண்டு. பெயரையும் எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். நீங்கள் சொல்லும் பக்தி அதுதான். அது பொருளிலும் பொறுமையிலும் இறங்கியதால்தான் நாயக்கர் காலத்து வேலை இன்றைக்கும் சுவரில் நிற்கிறது.

பணம் போதாதென்றால் கருவறை வாசலுக்கு மேலே ஒரே ஒரு படம் எழுதச் சொல்லுங்கள். மற்ற சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். இன்னொன்று: காரையைத் தட்டுவதற்கு முன் மேல்வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். அடியில் பழைய காவிக்கோடு தட்டுப்பட்டால் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கும்பாபிஷேகத்தைத் தள்ளி வைக்கலாம்.