துவைத்த தண்ணீர் எங்கே போகிறது? – சலவைத்தூள் கேள்வி பதில்

சலவைத்தூள் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது மாடித்தோட்டமும் பேத்தியும்தான் வேலை. "சுற்றுச்சூழலைக் கெடுக்காத சலவைத்தூள் எது?" என்று கேட்டு வந்தவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மடிப்பாக்கம்: அக்கா, ஹெர்பல், ஈகோ, நேச்சுரல் என்று மூன்று பாக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டேன். விலை சாதாரணத் தூளைப்போல மூன்று மடங்கு. எதை நம்புவது?

பச்சை இலைப் படத்தை நம்பாதீர்கள். அச்சகத்தில் இலைக்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை.

முதலில் உங்கள் மெஷினின் கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பாதாளச் சாக்கடையா, தெருவோர மழைநீர்க் கால்வாயா, கொல்லையில் உறிஞ்சு குழியா? பாதாளச் சாக்கடை என்றால் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றடிக்கும் தொட்டி இருக்கும், அங்கே பாக்டீரியாக்கள் அழுக்கு நீக்கும் பொருளில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிடும். மழைநீர்க் கால்வாயில் விட்டால் அப்படி நடுவில் யாரும் இல்லை. உங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. அங்கே இருக்கும் மீனும் நாரையும் உங்கள் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் போவதில்லை.

பாக்கெட்டில் நான் முதலில் தேடுவது "பாஸ்பேட் இல்லை" என்ற வார்த்தை. கடின நீரை மென்மையாக்கத்தான் பாஸ்பேட் சேர்க்கிறார்கள், அந்த வேலையை அது அருமையாகவே செய்யும். ஆனால் ஏரிக்குப் போனதும் அதுவே உரமாகிவிடுகிறது. பாசி மண்டும், பிறகு அழுகும், அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீரும், மீன் மிதக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூன் கடைசியிலிருந்து வீட்டுச் சலவைத்தூளில் ஒரு துவைப்புக்கு அரை கிராம் பாஸ்பரஸுக்கு மேல் போகக் கூடாது. பதிலுக்கு ஜியோலைட், சிட்ரேட் போன்றவற்றைப் போடுகிறார்கள். நம் கடைகளிலும் பாஸ்பேட் இல்லாத தூள் கிடைக்கிறது, பெரும்பாலும் விலையும் ஒன்றுதான்.

மண்பானைச் சின்னம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். அது மத்திய அரசின் ஈகோமார்க், 1991ல் தொடங்கியது. 2024ல் புது விதிகள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பானையோடு வரும் சலவைத்தூளைக் கடையில் பார்ப்பது அபூர்வம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேலம்: ரசாயனமே இல்லாத தூள் எது மேடம்?

தண்ணீரே ரசாயனம்தான். அப்படி ஒரு தூள் கிடையாது.

பெரம்பூர்: பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது என்றால் கண்டிப்பாகக் கெடுதல், தேங்காயிலிருந்து எடுப்பது என்றால் நல்லது. சரிதானே?

பாதி சரி. நம் ஊர்த் தூளில் பெரும்பாலும் இருப்பது 'ஆசிட் ஸ்லரி' என்று சிறு தொழில்காரர்கள் கேனில் வாங்கும் சரக்குதான். முழுப் பெயர் லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனிக் அமிலம். அதற்கான மூலப்பொருளை உங்கள் வீட்டுக்கு வடக்கே மணலியிலேயே தயாரிக்கிறார்கள். பெட்ரோலியச் சரக்குதான், இருந்தாலும் காற்றோட்டமுள்ள தண்ணீரில் மட்கிவிடும். 1960களின் நடுப்பகுதி வரை மேலைநாடுகளில் இதன் அண்ணன் ஒருவன் இருந்தான். கிளை கிளையாகப் பிரிந்த மூலக்கூறு, பாக்டீரியாவால் கடிக்க முடியாது. ஆறெல்லாம் நுரை பொங்கியதைப் பார்த்துத்தான் கிளையில்லாத இந்தத் தம்பிக்கு மாறினார்கள்.

தம்பிக்கும் ஒரு குறை உண்டு. காற்றில்லாத இடத்தில் மட்கமாட்டான். செப்டிக் டேங்க், ஏரிக்கு அடியில் கிடக்கும் கறுப்புச் சேறு, இங்கெல்லாம் அப்படியே தங்குவான். தேங்காய், பாமாயிலிலிருந்து செய்யும் குளுகோசைடு வகைகள் இன்னும் சுலபமாக மட்கும், கைக்கும் இதமாக இருக்கும். ஆனால் பாமாயிலுக்காகக் காடு அழிவதும் கணக்கில் வரவேண்டும் இல்லையா?

திருப்பூர்: எங்களுடையது போர் தண்ணீர். பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளை படியும். இயற்கை சோப்பு என்று கட்டி சோப் வாங்கினேன், துணியில் மெழுகு மாதிரி பிசுபிசு என்று ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. சோப்பு நல்ல சோப்புதான், உங்கள் தண்ணீர்தான் அதற்கு எதிரி. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோப்பு, தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். நீங்கள் தேய்த்த சோப்பில் பாதி இப்படியே வீணாகும். டிடர்ஜென்டுக்கு இந்தத் தொல்லை குறைவு, அது ஊரெங்கும் பரவியதற்குக் காரணமே இதுதான்.

உங்கள் தண்ணீரில் கட்டி சோப்போடு மல்லுக்கட்டாதீர்கள். பாஸ்பேட் இல்லாத டிடர்ஜென்ட் வாங்கி, துவைக்கும் தண்ணீரில் முதலில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்துவிட்டு, பிறகு தூளைப் போடுங்கள். தூள் பாதியளவு போதும். வாஷிங் சோடா வேறு, ஆப்பச் சோடா வேறு. மளிகைக் கடையில் "சோடா" என்று மட்டும் கேட்டால் இரண்டாவதைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். பட்டு, கம்பளிக்கு வாஷிங் சோடா கூடவே கூடாது.

கும்பகோணம்: பூந்திக்கொட்டையில் துவைக்கலாம் என்கிறார்களே, அளவு சொல்லுங்கள் அம்மா. பட்டுப்புடவைக்கு ஆகுமா?

பட்டுக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. என் பாட்டி நகையையும் அதில்தான் கழுவுவார்.

நாட்டு மருந்துக் கடையில் கொட்டை எடுத்த தோலாகக் கேளுங்கள். 12 தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் 15, 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மர மணமும் புளித்த மணமும் கலந்து வரும், பயப்பட வேண்டாம், காய்ந்தால் போய்விடும். ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டினால் டிகாக்‌ஷன் நிறத்தில் கிடைக்கும். அரை பக்கெட் தண்ணீருக்கு ஒரு டம்ளர். புடவையைக் கசக்காமல் முக்கி முக்கி எடுத்து நிழலில் போடுங்கள். வெளியே வைத்தால் மூன்றாம் நாள் கெட்டுவிடும், மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். சாயம் போகிற புடவை என்றால் முந்தானையின் உள்மூலையில் முதலில் தொட்டுப் பாருங்கள்.

மெஷினில் போடுபவர்கள் ஐந்தாறு தோலை ஒரு சிறு துணிப்பையில் கட்டித் துணிகளோடு போடலாம். தினசரி வியர்வைத் துணிக்கு அது போதும். சமையலறைக் கைத்துணி, மெக்கானிக் சட்டை எல்லாம் அதற்கு அடங்காது. வெள்ளைத் துணி நாளாக நாளாகப் பழுப்பேறும்.

இன்னொன்று. இயற்கை என்பதால் மீனுக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். பூந்திக்கொட்டையில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் மீனின் செவுளைத் தாக்கும், குளத்தில் இதைக் கரைத்து மீன் மயக்கிப் பிடிக்கும் வழக்கம்கூட உண்டு. சீக்கிரம் மட்கிவிடும் என்பதுதான் இதன் நல்ல குணம். அல்லித் தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, நாங்கள் கிணத்தடியிலதான் உடுப்புத் தோய்க்கிறனாங்கள். அந்தத் தண்ணி பக்கத்தில இருக்கிற வாழைக்குப் போகுது. குடிக்கிறதும் அதே கிணத்துத் தண்ணிதான். எந்தச் சவர்க்காரத் தூள் பாவிக்கலாம்?

வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் நிலத்துக்கடியில் சுண்ணாம்புப் பாறை. மேலே ஊற்றுவது வெடிப்பு வழியாக மளமளவென்று கீழே இறங்கிவிடும், மண் வடிகட்ட நேரமே இருக்காது. அதனால் எந்தத் தூள் என்பதைவிட எவ்வளவு தள்ளி, எவ்வளவு குறைவாக என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

துவைக்கிற கல்லைக் கிணற்றுக் கட்டிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போடுங்கள். வாய்க்காலைச் சீமெந்து பூசி, சரிவு கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும்படி செய்யுங்கள். அது முடிகிற இடத்தில் வாழையோடு கல்வாழையும் நெருக்கமாக நட்டுவிடுங்கள், இரண்டும் தண்ணீர்க் குடியன்கள். தூளைவிடத் திரவம் நல்லது. மலிவான தூளில் பருமனுக்காகவே சோடியம் சல்பேட் நிறையச் சேர்ப்பார்கள், அந்த உப்பு முழுக்க உங்கள் வாழையடிக்குப் போகும். போராக்ஸ் இருக்கிற எதையும் வாங்காதீர்கள், அதிலுள்ள போரான் கொஞ்சம் கூடினாலும் எலுமிச்சை, தோடை இலையெல்லாம் கருகும். தண்ணீர் கடினமானதால் திருப்பூர்க்காரருக்குச் சொன்ன கட்டி சோப்புக் கதைதான் உங்களுக்கும்.

தாம்பரம்: மெஷின் தண்ணீரை மாடித்தோட்டத்துக்கு விடலாமா?

அலசின தண்ணீரை விடலாம், முதலில் வரும் சோப்புத் தண்ணீரை வேண்டாம். நான் பட்டபாடு சொல்கிறேன். தண்ணீர்ப் பஞ்சமான ஒரு கோடையில் எல்லாத் தண்ணீரையும் கத்தரிக்கு ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலையோரம் தீயில் காட்டியதுபோலக் கருகியது, தொட்டி விளிம்பில் உப்புப் பூத்தது, மண் ஓடுபோல இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. தூளிலுள்ள சோடியத்தின் வேலை. இப்போது கடைசி அலசல் மட்டும்தான், அதுவும் நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி. கீரைக்கு ஒருபோதும் இல்லை. ஒரு நாளுக்கு மேல் சேர்த்தும் வைக்காதீர்கள், நாறும்.

மதுரை: நுரையே வரவில்லை என்று அம்மா திட்டுகிறார்கள்.

நுரைக்கும் அழுக்குக்கும் சம்பந்தம் குறைவு. நம் மக்களுக்கு நுரை பிடிக்கும் என்பதால் நாங்களே நுரை கூட்டிக் கொடுத்தோம், ஃப்ரன்ட் லோட் தூளில் நுரை குறைக்கவும் மருந்து சேர்த்தோம். அம்மாவிடம் சட்டைக் காலரைக் காட்டுங்கள்.

நாகர்கோவில்: எலுமிச்சைத் தோல், வெல்லம் போட்டு பயோ என்சைம் செய்து வைத்திருக்கிறேன். துணிக்கு ஆகுமா?

வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10, மூன்று மாதம். அதுதானே? தரை துடைக்க, குழாயின் வெள்ளைப் படிவு நீக்க நன்றாக இருக்கும், ஏனென்றால் அது புளிப்பு. துணியின் எண்ணெய்ப் பிசுக்கு போக அழுக்கு நீக்கும் பொருள் வேண்டும், அது இதில் இல்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு கலந்து பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், துவைப்பது பூந்திக்கொட்டைதான், பெயர் என்சைமுக்கு. கடைத் தூளில் போடும் என்சைம் வேறு சாதி: ரத்தம், பால் கறைக்குப் புரோட்டியேஸ், சோற்றுக் கஞ்சிக்கு அமைலேஸ். இதமான சூட்டில் நன்றாக வேலை செய்யும், மட்கியும் போகும், எனக்கு அதன்மேல் புகாரே இல்லை. பட்டும் கம்பளியும் புரதம் என்பதால் அவற்றுக்கு மட்டும் புரோட்டியேஸ் ஆகாது.

ஈரோடு: வெள்ளை வேட்டி பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் ரசாயன வெண்மை வேண்டாம்.

தூளில் இருக்கும் 'பிரைட்னர்' அழுக்கை எடுப்பதில்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும், கண் அதை வெண்மை என்று நம்பிவிடும். நோட்டுப் பரிசோதிக்கும் நீல விளக்கை இருட்டில் வேட்டிமேல் அடித்துப் பாருங்கள், ஜொலிக்கும். எளிதில் மட்காது, அதனால் நான் தவிர்க்கிறேன். பதிலுக்கு ஆக்சிஜன் பிளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட்டை ஒரு மேசைக்கரண்டி, கை பொறுக்கும் சுடுதண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அது பிரிந்தால் மிஞ்சுவது தண்ணீர், ஆக்சிஜன், கொஞ்சம் வாஷிங் சோடா. பச்சைத் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது.

சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் போட்டதும் சிவக்கிறதே என்று பதறுவீர்கள். மஞ்சள் காரம் பட்டால் அப்படித்தான் நிறம் மாறும். அலசி ஈரத்தோடு ஈரோட்டு வெயிலில் விரித்துவிட்டு மாலையில் பாருங்கள், பெரும்பாலும் கறை இருக்காது.

கோவை: கைக்குழந்தைத் துணிக்கு?

வாசனை இல்லாத திரவம், கொஞ்சமாக, இரண்டு முறை அலசல். கம்ஃபோர்ட் மாதிரி மென்மையூட்டிகள் வேண்டாம், துணிமேல் எண்ணெய்ப்படலம் போல ஒட்டி, டயபர் துணி ஈரம் உறிஞ்சாமல் போகும். கடைசி அலசலில் கால் டம்ளர் வெள்ளை வினிகர் போதும். வினிகரையும் குளோரின் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

மறுபடியும் மடிப்பாக்கம்: எல்லாம் சரி அக்கா, எவ்வளவு போடுவது?

துவைத்துக் காயவைத்த துண்டு ஒன்றை எடுத்து, அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் வேறெதுவும் சேர்க்காமல் ஐந்து நிமிடம் கையால் அலசுங்கள். நுரை வந்தால் போன வாரத்துத் தூள் இன்னும் துணியில் இருக்கிறது. அளவைக் கால் பங்கு குறைத்து, அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.

மடிப்பாக்கம்: பார்த்தேன். பால் காய்ச்சியது மாதிரி நுரை!

அப்படியென்றால் இன்று அந்த லோடைத் தூளே போடாமல் வெறும் தண்ணீரில் ஓட்டுங்கள். துண்டு சுத்தமாகத்தான் வரும்.